மறுதரப்பின் சொல்



நாவல் மரத்தையும் நீரின் வளைவையும் தன் பெயரிலேயே ஏந்தி, கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக விளங்கும் மட்டக்களப்பின் இந்த நாவற்குடாவிலே, உள்ளூராட்சி மன்றங்களின் தொழில் விவகாரங்களைக் கவனித்துவரும் சட்டத்தரணியாகிய என்னை இந்தப் பட்டமளிப்பு விழாவிலே பேச அழைத்தீர்கள். ஒருவருடைய சீவனோபாயத்தை எடுப்பதற்கு முன் அவர் சொல்வதைக் கேட்கவேண்டும் என்பதையன்றி வேறொன்றையும் இன்று நான் சொல்லப் போவதில்லை.

மாநகர சபை என்றதும் முதல்வரும் உறுப்பினரும் நம் நினைவுக்கு வருகின்றனர். ஆனால் விடியுமுன் குப்பை அள்ளும் உழவு இயந்திரத்தின் பின்னால் நடப்பவரும், மாரிக்கு முன் வடிகானில் இறங்குபவரும், சோலைவரி அறவிடுபவரும், நூலகத்தைத் திறந்து வைப்பவரும் சேர்ந்ததே சபை. அச்சபையின் சட்டத்தரணி தொழிலாளியின் சட்டத்தரணி அல்லர். அவர் காக்கவேண்டியது சபையை. ஆயினும், கேளாமல் விலக்கிய கட்டளையொன்று பின்னொரு நாள் நீதிமன்றத்திலே விழுமானால், அதற்கான நிலுவைச் சம்பளம் வரி கட்டும் ஏழையின் பணத்திலிருந்தே போகுமாதலால், தொழிலாளியைக் கேட்கச் செய்வதும் சபையைக் காப்பதும் பெரும்பாலும் ஒரே காரியமாகவே முடிகின்றன.

கேளாமையின் வேதனையை நம்மவரின் சபையொன்றே அனுபவித்ததுண்டு. 1966ஆம் ஆண்டு மே மாதத்திலே, உள்ளூராட்சி அமைச்சர், யாழ்ப்பாண மாநகர சபை தன் கடமைகளைச் செய்யும் தகுதியற்றது என்று கருதி, மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் தந்த அதிகாரத்தைப் பிரயோகித்து அதனைக் கலைத்தார். கலைப்பதற்கு முன் சபையிடம் ஒரு விளக்கமும் கேட்கப்படவில்லை. மேயர் அல்பிரட் துரையப்பா வழக்குத் தொடுத்தார். லண்டன் கோமறைக் கழகம் வரை சென்று, 1967ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற அவ்வழக்கிலே, சபைக்குத் தன் பக்கத்தைச் சொல்லச் சந்தர்ப்பம் அளித்திருக்க வேண்டும் என்று நீதிபதிகள் தெளிவாகவே கூறினர். ஆயினும் துரையப்பா தோற்றார்; அநீதி நேர்ந்தது சபைக்காகையால் சபையே முறையிடவேண்டும், மேயர் தனியாளாக நின்று முறையிட இயலாது என்பது அவர்களுடைய முடிவு. தீர்ப்பின் இந்தப் பிற்பகுதியோடு எனக்கு இன்றளவும் உடன்பாடில்லை. கலைக்கப்பட்ட சபை எந்த வாயால் முறையிடும்? நமது மட்டக்களப்பு நகர சபை மாநகர சபையாக உயர்ந்ததும் அந்த 1967இலேதான் என்பதை எண்ணும்போது, அத்தீர்ப்பை நாம் ஒரு பிறப்புச் சீதனம்போலப் பெற்றிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றும்.

சபைக்குள்ள இவ்வுரிமை தனியாளுக்கும் உண்டு. இங்கிலாந்திலே பிரைட்டன் நகரின் பொலிஸ் தலைவராயிருந்த சார்ல்ஸ் ரிட்ஜ் என்பவரை, 33 ஆண்டு சேவைக்குப் பின், 1958இல், நகரத்தின் குழுவொன்று அழைத்துக் கேளாமலே விலக்கியது; 1963இல் பிரபுக்கள் சபை அவ்விலக்கல் செல்லாதென்றது. ரிட்ஜ் பதவியைத் திரும்பக் கேட்கவில்லை, ஓய்வூதிய உரிமையையே நாடினார். நம் நாட்டிலும் 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு 1957இல் வந்த திருத்தம், விலக்கப்பட்ட தொழிலாளி தானே சென்று முறையிடத் தொழில் நியாய சபைகளைத் திறந்துவிட்டது. கதவுகள் இருக்கின்றன. அக்கதவு வரை நடந்து செல்ல ஒரு துப்புரவுத் தொழிலாளிக்கு எத்தனை நாட் சம்பளம் போகும் என்பதையும் நாம் கணக்கிடவேண்டும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஓர் உள்ளூராட்சி மன்றம் தன் துப்புரவுத் தொழிலாளி ஒருவரை நீக்கும் கடிதத்தை என் அபிப்பிராயத்துக்கு அனுப்பியது. கோவை ஒழுங்காகவே இருந்தது: வரவுப் பதிவேட்டில் 23 நாட்கள் சிவப்பு மையில், விளக்கம் கோரிய கடிதம், அது பதிவுத் தபாலில் சென்று, பெறுவாரின்றித் திரும்பியதற்கு அடையாளமான தபால் முத்திரை. குறையில்லை என்று எழுதி ஒப்பமும் இட்டேன். மறுநாட் காலை அவரே என் வாசலில் வந்து நின்றார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. சொப்பிங் பையிலிருந்து கிளினிக் அட்டையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, சாரத்தைச் சற்று உயர்த்திக் காலைக் காட்டினார். குப்பை அள்ளும்போது உடைந்த போத்தல் கிழித்த காயம், தையல் பிரித்த தடத்தோடு இருந்தது. கடிதம் சென்ற முகவரி அவர் என்றோ விட்டுப்போன வாடகை வீடு. புதிய முகவரி சம்பளப் பகுதியில் இருந்தது, என் முன்னிருந்த கோவையில் இல்லை.

“வேலை தந்தாலும் சரி, தராட்டியும் சரி ஐயா, நான் சும்மா நிக்கல்ல எண்டு அந்தப் பேப்பரில ஒருக்கா எழுதுங்க” என்றார்.

என் அபிப்பிராயத்தை அன்றே மீளப் பெற்றேன். பட்டதாரிகளே, உங்களிற் பலர் சட்டம் படித்தவரல்லர். ஆயினும் அலுவலகங்களில் அமரும் உங்கள் முன் இத்தகைய கோவைகள் வரும், அவை ஒழுங்காகவும் இருக்கும். ஒழுங்கான கோவையிலே இல்லாத மனிதரைத் தேடி ஆளனுப்புங்கள்.

அபிப்பிராயத்தை நான் மீளப் பெற்றதற்கு அடுத்த வாரம் அந்தத் தொழிலாளியின் விசாரணை நடந்தது. அவர் சொன்னதை எழுதுவினைஞர் எழுதி, உரக்க வாசித்துக் காட்டினார். “கவனக்குறைவினால் காயமடைந்தேன்” என்ற இடம் வந்ததும் அவர் கையை உயர்த்தினார்: “கவனக்குறைவு இல்ல ஐயா. வேலை செய்யக்குள்ள எண்டு போடுங்க.” எழுதுவினைஞர் என் முகத்தைப் பார்த்தார்; நான் தலையசைத்தேன். அந்தச் சொல்லை வெட்டி, மேலே புதிதாக எழுதி, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அவர் ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதி முடிக்கும் வரை நாங்கள் காத்திருந்தோம்.