காற்றும் பந்தும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் காற்றுக்குப் பெயர்கள் பல உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது சோளகம். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். வலை வீசப் போகும் மீனவனும், புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் இறைக்கும் கமக்காரனும், வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று பட்டம் ஏற்றும் இளைஞனும் காற்றின் குணமறிந்தே தத்தம் காரியத்தில் இறங்குவர். ஆனால், விளையாட்டு மைதானத்தில் மட்டும் இவ்வறிவு பெரும்பாலும் பயன்படுவதில்லை. பந்து தூரம் போனால் எறிந்தவனின் வலிமை என்கிறோம். போகாவிட்டால் அவனுடைய குறை என்கிறோம். இவ்விரண்டுக்கும் இடையே நின்று காற்று செய்யும் வேலையை எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வேலையை மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள் கோல்ஃப் ஆட்டக்காரரும், அவ்வாட்டத்தில் ஈடுபாடு கொண்ட அறிவியலாரும் ஆவர். கோல்ஃப் குடாநாட்டில் வழங்காத ஆட்டம். எனினும் இலங்கைக்கு அது புதிதன்று. கொழும்பில் 1879ஆம் ஆண்டிலும், நுவரெலியாவில் 1889ஆம் ஆண்டிலும் அதற்கான கழகங்கள் தோன்றின. கோல்ஃப் பந்தின் நிறை 46 கிராமைத் தாண்டுவதில்லை. அச்சிறு பந்து மட்டையிலிருந்து மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் புறப்படுகிறது. நிறை குறைவு, வேகம் மிகுதி. ஆகவே காற்று அதன்மீது எளிதில் ஆட்சி செலுத்துகிறது.

காற்று பந்தைத் தடுக்கிறது என்பது யாவரும் அறிந்ததே. அதே காற்று பந்தைத் தாங்கவும் செய்கிறது என்பதைப் பலர் அறியார். எடின்பரோப் பல்கலைக்கழகத்தின் இயற்பியற் பேராசிரியர் பீற்றர் கத்ரி ரெயிற் என்பவர் 1890களில் இதனை விளக்கினார். அடிபட்ட பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டு முன்னோக்கிப் பறக்கும்போது, காற்று அதற்கு மேல்நோக்கிய உந்தலைத் தருகிறது என்று அவர் காட்டினார். அவருடைய மகன் பிரெடரிக் 1896ஆம், 1898ஆம் ஆண்டுகளில் பிரித்தானியப் பொழுதுபோக்கு ஆட்டக்காரருக்கான கோல்ஃப் போட்டியில் வெற்றி வாகை சூடியவர். வீட்டிலேயே ஆய்வுக்கு உரிய வீரர் இருந்தார் போலும்!

இனி, வானிலையால் விளையும் மாற்றங்களைக் காண்போம். முதலாவது, காற்றின் அடர்த்தி. கடல்மட்டத்தில் 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்றின் நிறை ஏறக்குறைய 1.16 கிலோகிராம். கடல்மட்டத்துக்கு மேல் 1,800 மீற்றருக்கு அதிகமான உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 1 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே கொழும்பில் 200 மீற்றர் செல்லும் அடி, நுவரெலியாவில் பத்துப் பன்னிரண்டு மீற்றர் கூடுதலாகச் செல்லக்கூடும். வெப்பமும் அவ்வாறே. சூடான காற்று விரிந்து அடர்த்தி குறைவதால், நண்பகலில் பந்து விடியற்காலையிலும் சிறிது தூரம் மிகுதியாகப் போகும். குளிரில் பந்தின் மீள்தன்மையும் சற்றுக் குறையும்.

இரண்டாவது, ஈரம். மழைக்காலக் காற்று கனமானது, அதனாலே பந்து தளர்ந்து விழுகிறது என்பது பரவலான நம்பிக்கை. உண்மை இதற்கு மாறானது. நீராவியின் மூலக்கூறு, காற்றிலுள்ள நைதரசன், ஒட்சிசன் மூலக்கூறுகளைவிட இலேசானது. ஆகவே ஈரக்காற்று உலர்காற்றிலும் இலேசானதே. இவ்வேறுபாடு 30 பாகை வெப்பத்திற்கூட நூற்றுக்கு 2க்கும் குறைவு. பந்தின் தூரத்தில் அது ஓரிரு மீற்றருக்கு மேற்படாது. அப்படியாயின் மழைநாளில் பந்து குறுகிப் போவது ஏன்? நனைந்த தரையில் விழுந்த பந்து உருளாது நின்றுவிடுகிறது. தரை செய்ததற்குக் காற்றின்மீது பழி போடுகிறோம்!

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது, வீசும் காற்று. மணிக்கு 16 கிலோமீற்றர் வேகமுள்ள எதிர்க்காற்று, 200 மீற்றர் செல்ல வேண்டிய பந்தை ஏறத்தாழ 20 மீற்றர் குறைத்துவிடும். அதே காற்று பின்னிருந்து வீசினால் கிடைக்கும் இலாபமோ பத்து மீற்றரளவே. இழப்புக்கும் இலாபத்துக்கும் ஏன் இந்த ஏற்றத்தாழ்வு? தடையானது வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்கிறது. எதிர்க்காற்றில் தடை பெருகுவதோடு, தாங்கும் விசையும் பெருகிப் பந்து மேலே எழும்பிச் செங்குத்தாக விழுகிறது. பின்காற்றில் தடை குறையும்போதே தாங்கும் விசையும் குறைந்துவிடுகிறது.

இக்கணக்கு குடாநாட்டுக்கு எவ்வாறு பயன்படும்? குடாநாடு தட்டையான நிலம். காற்றை மறிக்க மலையில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டு முதல் புகழ்பெற்று விளங்கும் கிரிக்கெற் போட்டியிலும், உயர அடிக்கப்பட்ட பந்து காற்றின் கையில் அகப்பட்டதே. கிரிக்கெற் பந்து கோல்ஃப் பந்தைப்போல் மூன்றரை மடங்கு நிறையுள்ளதாதலால் காற்றின் ஆட்சி அதன்மீது குறைவு, இல்லையென்று சொல்வதற்கில்லை.

அதனினும் கவனிக்கத்தக்கன பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகள். ஆண்டின் முதல் மாதங்களில், வாடைக்காற்று இன்னும் ஓயாத காலத்தில், அவை பல பாடசாலைகளில் நடைபெறுகின்றன. பின்காற்று விநாடிக்கு 2 மீற்றரைத் தாண்டினால் நூறு மீற்றர் ஓட்டத்திலும் நீளம் பாய்தலிலும் சாதனைகள் ஏற்கப்படுவதில்லை என்பது உலக விதி. எறிதற் போட்டிகளுக்கு அத்தகைய விதி இல்லை. ஒரு மைதானத்தில் காற்றோடு எறிந்த மாணவனையும், மற்றொன்றில் காற்றை எதிர்த்து எறிந்த மாணவியையும் அளவுநாடா ஒன்றினாலேயே மதிப்பிடுகிறோம். வியப்பு என்னவெனில், பந்தைத் தடுக்கும் மிதமான எதிர்க்காற்று, பரிதிவட்டத்தைத் தாங்கி அதிக தூரம் கொண்டுசெல்லும்! எனவே ஒரே காற்று ஒருவருக்கு நட்பும் மற்றவருக்குப் பகையுமாகிறது.

இதற்கு மருந்து செலவற்றது. மைதானத்தின் ஓரத்தில் ஒரு துணிக்கொடி நடுக. காற்றின் திசையையும் ஏறத்தாழ வேகத்தையும் போட்டிப் பதிவேட்டில் ஒரு நிரலாகக் குறித்து வைக்க. மாவட்டப் போட்டிக்கு மாணவரைத் தெரியும்போது அந்நிரலையும் நோக்குக. ஓர் ஆண்டில் இரண்டு மீற்றர் குறைந்ததற்காக ஒரு பிள்ளை தன் கையில் நம்பிக்கை இழப்பதும், காற்று அளித்த இரண்டு மீற்றரைத் தன் திறமையென்று மற்றொரு பிள்ளை மயங்குவதும் இதனால் தவிர்க்கப்படும். பாய்மரத் தோணிக்கும் பட்டத்துக்கும் காற்றை அளந்து பழகிய சமுதாயம், தன் பிள்ளைகளின் முயற்சியை அளக்கும்போதும் அதனை மறவாதிருத்தல் வேண்டும்.