இரு வண்டிகளுள் எது?



ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் வாங்கும் பொருள்களுள், வீட்டுக்கும் காணிக்கும் அடுத்தபடியாக விலைகூடியது மோட்டார் வண்டியே. வீடு கட்டும்போது பலரையுங் கலந்து, கல்லுக்கும் மரத்துக்கும் கணக்குப் பார்த்துச் செய்கிறோம். வண்டி வாங்கும்போதோ அதன் நிறத்தையும் மினுக்கத்தையும் கண்ட அளவிலே மனத்தைப் பறிகொடுத்து விடுகிறோம். வள்ளுவர் தெரிந்துசெயல்வகை என ஓர் அதிகாரமே வகுத்து, அழிவது எவ்வளவு, ஆவது எவ்வளவு என்று முன்னர் எண்ணிப் பார்க்கும்படி பணித்தார். அந்த எண்ணிப்பார்த்தலையே இன்று ஒரு வண்டி வாங்கும் விடயத்திற் செய்து பார்ப்போம்.

இலங்கையில் 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் இடமளிக்கப்பட்டது. அதன் பின்னர் வண்டி தேடுவோர் பலர் 'பிளக்-இன் ஹைபிரிட்' என்னும் பெயரைக் கேள்விப்படுகின்றனர். அவ்வகையைச் சேர்ந்த, உயரமான உடலும் விசாலமான உள்ளிடமுங் கொண்ட குடும்ப வண்டிகள் இரண்டை இன்று ஒப்புநோக்குவோம். நம்மவர் வாயில் இத்தகைய வண்டி 'ஜீப்' என்றே வழங்கும். ஒன்று மிட்சுபிஷி அவுட்லாண்டர். மற்றது ரொயோட்டா ராவ்-4. இரண்டும் ஜப்பானியக் கம்பனிகளின் ஆக்கங்கள்.

முதலில், பிளக்-இன் ஹைபிரிட் என்பது யாது? சாதாரண ஹைபிரிட் வண்டியிலும் பெற்றோல் இயந்திரம் உண்டு, மின்மோட்டர் உண்டு, மின்கலம் உண்டு. ஆயினும் அதன் மின்கலம் சிறியது. அதனை நிரப்பும் சக்தி முழுவதும் ஈற்றில் பெற்றோலிலிருந்தே பிறக்கிறது. பிளக்-இன் ஹைபிரிட்டுக்கோ வாய் இரண்டு. ஒன்றிற் பெற்றோலை ஊற்றுகிறோம். மற்றதில் வீட்டு மின்சாரத்தைச் செருகுகிறோம். அதன் மின்கலம் பெரியது. இரவில் நிரப்பிவிட்டால், மறுநாள் அறுபது கிலோமீற்றர் வரை பெற்றோலைத் தொடாமலே ஓடலாம். மின்கலம் தீர்ந்ததும் வண்டி நின்றுவிடுவதில்லை; சாதாரண ஹைபிரிட்டைப் போலப் பெற்றோலில் தொடர்ந்து செல்லும்.

இனி வண்டிகளின் இயல்பைக் காண்போம். அவுட்லாண்டர் பிளக்-இன் ஹைபிரிட் முதன்முதல் 2013 ஜனவரியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அம்முதல் தலைமுறை வண்டிகள் நம் நாட்டுத் தெருக்களிலும் ஓடக் காண்கிறோம். 2021 இறுதியில் இரண்டாந் தலைமுறை வந்தது. அதன் மின்கலம் 20 கிலோவாற்று மணி கொள்ளும். அதாவது, உங்கள் மின்சாரப் பட்டியலிற் குறிக்கப்படும் அலகுகளில் இருபது. முன்சில்லுகளுக்கு ஒரு மோட்டர், பின்சில்லுகளுக்கு ஒரு மோட்டர். அதன் 2.4 லீற்றர் பெற்றோல் இயந்திரம் பெரும்பாலும் சில்லுகளை நேரே சுழற்றுவதில்லை; மின்பிறப்பாக்கியைச் சுழற்றி மின்சாரம் ஆக்கிக் கொடுக்கிறது. வேகம் மிக்க நெடுஞ்சாலையில் மாத்திரமே சில்லுகளோடு நேரே இணைகிறது.

ராவ்-4 பிளக்-இன் வண்டி 2020 இல் வெளிவந்தது. அதன் மின்கலம் 18.1 கிலோவாற்று மணி, இயந்திரம் 2.5 லீற்றர். இங்கே இயந்திரத்தின் வலுவும் மோட்டரின் வலுவும் ஒரு பற்சக்கரத் தொகுதியிற் கலந்து முன்சில்லுகளை அடைகின்றன. 1997 இல் வெளிவந்த பிரியஸ் வண்டி தொட்டு ரொயோட்டா கையாண்டு வரும் முறையின் வழிவந்தது இது. பின்சில்லுகளுக்கு இதிலும் தனி மோட்டர் உண்டு. வலுவைக் கேட்பீராயின், அமெரிக்காவில் விற்பனையான வண்டிகளில் ராவ்-4க்கு 302 குதிரைவலு, அவுட்லாண்டருக்கு 248. குடும்ப வண்டி பந்தயத்துக்கு உரியதன்று; இரண்டிலும் வலு வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. எனவே அந்த வேற்றுமையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

பொருட்படுத்த வேண்டிய கேள்விகள் வேறு. அவற்றுள் முதலாவது: ஒவ்வொரு வண்டியும் எவ்வளவு உண்கிறது? அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனத்தின் அளவீட்டின்படி, மின்சாரத்தில் மாத்திரம் ராவ்-4 ஏறக்குறைய 68 கிலோமீற்றரும், அவுட்லாண்டர் ஏறக்குறைய 61 கிலோமீற்றரும் ஓடும். பெரிய மின்கலத்தைச் சுமக்கும் வண்டியே குறைந்த தூரம் ஓடுகிறது என்பதைக் கவனியுங்கள். நூறு கிலோமீற்றருக்கு ராவ்-4 ஏறத்தாழ 22 அலகு மின்சாரத்தையும், அவுட்லாண்டர் 33 அலகையும் கொள்கின்றன. மின்கலம் தீர்ந்த பின்னரோ, ஒரு லீற்றர் பெற்றோலில் ராவ்-4 ஏறக்குறைய 16 கிலோமீற்றர் செல்லும். அவுட்லாண்டர் 11 கிலோமீற்றரே செல்லும். நம் வீதிகளில் இவ்வெண்கள் சற்றுக் கூடவுங் குறையவும் இருக்கலாம். ஆயினும் இரு வண்டிகளையும் ஒரே தராசில் நிறுத்தமையால், ஒப்புமைக்கு இவை போதும்.

இதனை ஒரு பயணத்தில் வைத்துப் பார்ப்போம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். நிரம்பிய மின்கலத்தோடு புறப்பட்டாலும், அது முதல் அறுபது கிலோமீற்றரிலேயே தீர்ந்துவிடும். எஞ்சிய வழிக்கு ராவ்-4 ஏறத்தாழ 20 லீற்றர் பெற்றோலையும், அவுட்லாண்டர் 30 லீற்றருக்கு மேலாகவும் அருந்தும். போக வர இருபது லீற்றர் வேற்றுமை. ஆண்டில் ஒருமுறை ஊர்த் திருவிழாவுக்குப் போய்வரும் குடும்பத்துக்கு இது பெரிதன்று. மாதந்தோறும் பெற்றோரைப் பார்க்கச் செல்லுங் குடும்பத்துக்கோ, இது பிள்ளையின் படிப்புச் செலவைத் தொடும் தொகையாகலாம்.

இரண்டாவது கேள்வி: செருகுவதால் உண்மையில் இலாபம் உண்டா? மின்சாரத்தில் ஓடினால் செலவே இல்லை என்று எண்ணுவோர் உளர், அது தவறு. மாதம் ஆயிரம் கிலோமீற்றர் மின்சாரத்தில் ஓடினால், ராவ்-4க்கு 220 அலகும் அவுட்லாண்டருக்கு 330 அலகும் வேண்டும். நம் நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிமுறையானது. அலகு கூடக் கூட விலையும் ஏறும். மாதம் 180 அலகுக்கு மேற்பட்டவை மிக உயர்ந்த படியில் விழும். வீட்டு விளக்குக்கும் குளிர்ப்பெட்டிக்கும் உரிய அலகுகள் கீழ்ப்படிகளை நிரப்பியபின், வண்டி உண்ணும் அலகுகள் பெரும்பாலும் மேற்படியிலேயே சேரும். ஆதலால் சராசரி விலையைக் கொண்டு கணக்கிடுவது ஏமாற்றத்தில் முடியும்.

இதற்கு எளிய கணக்கு ஒன்று சொல்கிறேன். மேலே தந்த எண்களை வகுத்துப் பார்த்தால், இரு வண்டிகளிலும் ஒரு லீற்றர் பெற்றோல் செய்யும் வேலையை மூன்றரை அலகுக்குச் சற்று மேலான மின்சாரம் செய்கிறது. எனவே உங்கள் மின்சாரப் பட்டியலின் மேற்படி விலையை மூன்றரையாற் பெருக்குங்கள். வரும் தொகை ஒரு லீற்றர் பெற்றோலின் விலையிலும் நன்றாகக் குறைந்திருந்தால், செருகுவது இலாபம். இரண்டும் நெருங்கி நின்றால், பிளக்-இன் வண்டிக்கென்று கூடுதலாகக் கொடுக்கும் பணம் திரும்பி வர நெடுங்காலஞ் செல்லும். கூரையிற் சூரிய மின்பலகை உடையோருக்கும், நேரத்துக்கேற்ற கட்டண முறையைத் தெரிந்தெடுத்து இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை மின்னேற்றுவோருக்கும் இக்கணக்கு மேலும் சாதகமாக அமையக்கூடும்.

மூன்றாவது கேள்வி: வீட்டில் எத்தனை பேர்? இதில் அவுட்லாண்டர் முந்துகிறது. அதில் மூன்று வரிசையாக எழுவர் அமரும் வகை உண்டு; ராவ்-4 ஐவருக்கே இடந்தரும். தாய் தந்தை, மூன்று பிள்ளைகள், பாட்டனார், பாட்டியார் என்று வாழும் வீட்டுக்கு இது சிறிய விடயமன்று. இரண்டு பேரை வீட்டில் விட்டுச் செல்வதோ இன்னொரு வண்டி பிடிப்பதோ செய்ய வேண்டியதில்லை. ஆயினும் ஓர் எச்சரிக்கை: மூன்றாவது வரிசை குறுகியது, சிறுவர்க்கே ஏற்றது. முழங்கால் வலியுடைய பாட்டியாரை அங்கே ஏற்றி இருத்த முயல்வது அவருக்குச் செய்யுந் தொண்டாகாது. அவ்வரிசையை விரித்தால் பெட்டி படுக்கை வைக்கும் இடமுஞ் சுருங்கும். வாங்குமுன் குடும்பத்தார் அனைவரையும் அழைத்துச் சென்று, அவரவர் இடத்தில் ஏறி இறங்கச் செய்து பாருங்கள்.

மலைநாட்டு வழியிற் செல்வோர் அவுட்லாண்டரின் இன்னொரு வசதியை விரும்புவர். இறக்கத்தில் மோட்டரே மின்பிறப்பாக்கியாக மாறி, வண்டியைத் தடுத்து, மின்கலத்தை ஓரளவு நிரப்பும். இரு வண்டிகளும் இதனைச் செய்யுமெனினும், அவுட்லாண்டரிற் சுக்கானுக்குப் பின்னுள்ள நெம்புகளால் அத்தடுப்பின் அளவைக் கூட்டவுங் குறைக்கவும் முடியும். நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது இது தடுப்புக் கட்டைகளின் சூட்டையும் தேய்வையும் குறைக்கும்.

நான்காவது கேள்வி: எங்கே, எப்படிச் செருகுவீர்கள்? 230 வோல்ற்றில் தக்க மின்னேற்றி இருந்தால், அவுட்லாண்டர் நிரம்ப ஏறக்குறைய ஆறரை மணி நேரமாகும். 3.3 கிலோவாற்று ஏற்றியுடைய ராவ்-4க்கு நாலரை மணி நேரம். அவுட்லாண்டரில் விரைவு மின்னேற்ற வாயும் உண்டு. அரை மணிக்குச் சற்று மேலான நேரத்தில் எண்பது வீதம் நிரம்பும். இங்கே நாம் பேசும் தலைமுறை ராவ்-4இல் அது இல்லை. இவ்வாறு மணிக்கணக்காகப் பெரும் மின்னோட்டத்தைத் தாங்குவதற்குப் பழைய வீட்டின் கம்பிகளும் செருகிகளும் ஏற்றவையல்ல. நீட்டுக் கம்பியில் மாட்டி, அது இரவெல்லாஞ் சூடேறக் கிடப்பது வீட்டுக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும். தேர்ச்சி பெற்ற மின்வினைஞரைக் கொண்டு, நிலத்தொடுப்பும் காவலுமுள்ள தனிச்சுற்று ஒன்றை அமைத்துக் கொள்ளுங்கள். ஜப்பானிய வீட்டு மின்சாரம் 100 வோல்ற்றும் 200 வோல்ற்றுமாகும். ஆகையால் வண்டியோடு வந்த கம்பியை ஆராயாமற் செருகலாகாது.

மின்வெட்டு வேளையில் வண்டியிலிருந்தே வீட்டுக்கு மின்சாரம் எடுக்கலாமா என்றும் சிலர் கேட்கின்றனர். ஜப்பானில் விற்கப்படும் இரு வண்டிகளிலும் 1500 வாற்று வரை கொடுக்கும் செருகுவாய் உண்டு. ஆயின் அது கொடுப்பது 100 வோல்ற்று மின்சாரம். நம் வீட்டு மின்விசிறியும் குளிர்ப்பெட்டியும் 230 வோல்ற்றுக்கு அமைந்தவை. இடையே தக்க மாற்றி இல்லாமல் அவற்றை மாட்டுவதிற் பயனில்லை. இவ்வுண்மையை விற்பவர் சொல்லாமல் விடக்கூடும். நீங்கள் கேட்டறிய வேண்டும்.

2022 ஆம் ஆண்டை நாம் எவரும் மறந்துவிடவில்லை. பெற்றோலுக்கு நெடுவரிசையில் நின்றோம். பின்னர் கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர் எனப் பங்கிடப்பட்டது. அதே ஆண்டில் மின்சாரமும் மணிக்கணக்கில் நின்றது. ஒரு வாய் அடைபட்டாலும் மறு வாயால் உண்ணும் வண்டிக்கு அத்தகைய காலத்திற் பெறுமதி உண்டு. எனினும் இரண்டும் ஒருங்கே தட்டுப்படக் கூடும் என்பதையும் அவ்வாண்டே நமக்குக் கற்பித்தது. அப்போது குறைவாக உண்ணும் வண்டியே கைகொடுக்கும்.

ஐந்தாவது கேள்வியே எல்லாவற்றிலும் முதன்மையானது: நாள்தோறும் செருகுவீர்களா? 2021 இல் ஐரோப்பாவிற் பதிவான வண்டிகளின் உள்ளமைந்த அளவிகளைப் படித்து, ஐரோப்பிய ஆணைக்குழு 2024 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. வீதியிற் செல்லும்போது பிளக்-இன் ஹைபிரிட் வண்டிகள் வெளியிடும் கரியமிலவாயு, ஆய்வுகூடத்தில் அளந்ததைப் போலச் சராசரியாக மூன்றரை மடங்கு என்று கண்டது. எதிர்பார்த்த அளவுக்கு வண்டிகள் செருகப்படவில்லை, மின்சாரத்தில் ஓட்டப்படவில்லை என்பதே இதற்குப் பெருங்காரணம். செருகாத வண்டி, நிரப்பாத பெரிய மின்கலத்தை வீணே சுமந்து பெற்றோலை உண்ணும்.

எனவே நம் தீர்ப்பு யாது? ஐவருக்குள் அடங்கிய குடும்பமாய், அடிக்கடி நெடுந்தூரஞ் செல்வீராயின், ராவ்-4ஐ எடுங்கள். இரு வகை உணவையும் அது சிக்கனமாக உண்கிறது. வீட்டில் ஆறு ஏழு பேர் இருந்து, அன்றாட ஓட்டம் ஐம்பது கிலோமீற்றருக்குள் அடங்கி, நெடும்பயணம் அரிதாயின், அவுட்லாண்டரே பொருந்தும். கூடுதலாக உண்ணும் மின்சாரம் இருக்கைகளுக்குக் கொடுக்கும் விலையாகும். மாடிக் குடியிருப்பிலோ வாடகை வீட்டிலோ வாழ்ந்து, செருக இடமில்லாதவர் இரண்டையும் வாங்க வேண்டாம். சாதாரண ஹைபிரிட் ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தை வைப்பிலிடுவதே அறிவு. விற்பனைக் கூடத்திற் கேட்க முடியாத விடை அது. ஆயினும் பலருக்கும் பொருந்தும் விடை அதுவே.

பாவித்த வண்டி வாங்குவோர் இன்னொன்றையும் மறவாதிருக்க. மின்கலம் ஆண்டுதோறும் தன் கொள்ளளவிற் சிறிது சிறிதாக இழக்கும். ஆகவே வெளிப்பூச்சைப் பார்க்குமுன், மின்கலம் எஞ்சி வைத்திருக்குங் கொள்ளளவைக் கருவி கொண்டு அளந்து காட்டும்படி கேளுங்கள். வண்டியின் ஆண்டையும் உறுதிப்படுத்துங்கள். 2013 இன் அவுட்லாண்டர் மின்கலம் 12 கிலோவாற்று மணியே. 2024 இறுதியில் ஜப்பானில் வந்த திருத்தத்தில் அது 22.7 ஆயிற்று. ரொயோட்டாவும் 2025 மே மாதத்தில் அடுத்த தலைமுறை ராவ்-4ஐ அறிமுகஞ் செய்தது. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு.

நேயர்களே, ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள்: நாள்தோறும் ஓடும் தூரம், வீட்டிலுள்ளோர் தொகை, மின்சாரப் பட்டியலின் மேற்படி விலை. அத்தாளைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு விற்பனைக் கூடத்துக்குச் செல்லுங்கள். எது வேண்டும் என்பதை அம்மூன்று எண்களே சொல்லிவிடும்.