பேச்சுக்கும் சுங்கமா?

(கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் ஆறு. ஆற்றின்மேல் ஒரு பாலம். பாலத்தைக் குத்தகைக்கு எடுத்தவன், கடப்போரிடம் காசு வாங்குகிறான். மக்கள் கொடுக்கின்றனர், கடக்கின்றனர். ஒருநாள் குத்தகைக்காரன் அரசவைக்கு ஓடோடி வருகிறான்.

"மன்னா, அநியாயம்! என் பாலத்திலே நடப்பவர்கள் பேசிக்கொண்டே நடக்கிறார்கள்!"

"நடப்பதற்குக் காசு கொடுத்தார்களா?"

"கொடுத்தார்கள். பேசுவதற்குக் கொடுக்கவில்லையே!"

மன்னன் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. அமைச்சரைப் பார்க்கிறான். அமைச்சர் காதோடு சொல்லுகிறார்: "பேசட்டும் மன்னா! ஆனால், என்ன பேசுகிறார்கள் என்பது நமக்கும் கேட்க வேண்டுமே!"

நாடகம் இத்துடன் முடிந்தது. இனி நாட்டு நடப்பு. பாலம்தான் இணையம். நடக்கும்போது பேசும் பேச்சு, வாட்ஸ்அப் போன்ற செயலிகளின் வழியே நாம் பேசும் இணையவழித் தொலைபேசி. குத்தகைக்காரர், தொலைத்தொடர்பு நிறுவனத்தார். அமைச்சர் யாரென்று நான் வேறு சொல்ல வேண்டுமோ?

இந்த வழக்கு இன்று தொடங்கியதன்று. 1998இல், தனியாரும் இணையச் சேவை வழங்கலாம் என்று கதவைத் திறந்தது டில்லி. திறந்த கையோடு, இணையத்தின் வழியே தொலைபேசி பேசலாகாது என்று பூட்டும் போட்டது. வெளிநாட்டு அழைப்பு அந்நாளில் வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் தனியுரிமை, அந்த வருவாய்க்கு ஊறு நேருமே என்ற அச்சம்! 2002 ஏப்ரல் முதல் நாள் பூட்டுத் தளர்ந்தது. எப்படித் தளர்ந்தது? கணினியிலிருந்து அமெரிக்கத் தொலைபேசிக்குப் பேசலாம். அடுத்த தெருத் தொலைபேசிக்குப் பேசலாகாது! இதற்குப் பெயர் கொள்கை என்றார்கள்.

2014 டிசம்பரில், இணைய அழைப்புக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்தது ஏர்டெல் நிறுவனம். எதிர்ப்பு எழுந்தது, சில நாள்களிலேயே அறிவிப்பு அடங்கியது. 2015 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், இத்தகைய செயலிகளைக் கட்டுப்படுத்தலாமா என்று மக்களைக் கேட்டது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் பறந்தன. மாலை தேடியோ பதவி நாடியோ எழுதியவர்கள் அல்லர்; கட்டிய காசுக்குக் கணக்குக் கேட்டவர்கள்!

மாற்றார் வாதத்தையும் மறைக்காமல் சொல்லுவோம். "அலைக்கற்றையைக் கோடி கோடியாய்க் கொடுத்து வாங்குகிறோம், உரிமக் கட்டணம் செலுத்துகிறோம், செயலிக்காரர் எதுவும் செலுத்தாமல் அதே தொழிலைச் செய்கின்றார். ஒரே தொழிலுக்கு ஒரே விதி வேண்டாமா?" என்கின்றனர் நிறுவனத்தார்.

கேட்க இனிக்கும் வாதம். ஆனால் ஒரே தொழிலா இது? அலைக்கற்றை மக்களின் பொதுச்சொத்து. 1995இலேயே உச்சநீதிமன்றம் உரைத்த உண்மை. அந்தச் சொத்தை ஆள்பவர் அவர். ஆகவே உரிமக் கட்டணம். செயலிக்காரரிடம் அலைக்கற்றையும் இல்லை, கோபுரமும் இல்லை. அவர் குரல் செல்வது, நீங்களும் நானும் முன்பணம் கட்டி வாங்கிய இணைப்பின்மீது. விற்ற பொருளுக்கு ஒருமுறை விலை. வாங்கியவன் அதைப் பயன்படுத்தும்போது மறுமுறை விலையா?

விலை இரட்டிப்பானால் வேதனை யாருக்கு? வளைகுடாவில் வியர்வை சிந்தும் நம் தோழனைக் கேளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தது. உரிமம் பெற்ற செயலிக்குச் சந்தா கட்டியே முகம் பார்த்துப் பேச வேண்டியிருந்தது. பிறந்த குழந்தையின் முகத்தைத் திரையிலே காணத் துடிக்கும் தகப்பனிடம் வாங்கும் வரி அது! சவுதி அரேபியா 2017 செப்டம்பரில் அத்தகைய தடையைத் தளர்த்தியது.

அப்படியானால், கட்டுப்பாடே கூடாதா? அவசரப்பட்டுக் கைதட்டாதீர்கள் தோழர்களே! கட்டுப்பாடு வேண்டும். காணொளியில் காவலர் உடை காட்டி, "உன்னைக் கைது செய்துவிட்டோம்" என்று மிரட்டி, முதியோரின் வாழ்நாள் சேமிப்பை வழித்தெடுக்கும் வஞ்சகர் உண்டு. அவர்களைத் தடுக்க வேண்டாமா? வேண்டும். 2005இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், பொதுத் தொலைபேசியோடு இணைந்த இணைய அழைப்பு நிறுவனங்களுக்கு ஒரு விதி வகுத்தது: 911 என்ற அவசர எண்ணை ஒருவர் அழைத்தால், அவர் இருக்குமிடமும் சேர்ந்து உதவியாளருக்குச் செல்ல வேண்டும். அது பேசுபவனைக் காக்கும் கட்டுப்பாடு. நாம் எதிர்ப்பது, பேசுபவனைப் பறிக்கும் கட்டுப்பாட்டை, ஒட்டுக்கேட்கும் கட்டுப்பாட்டை.

இப்போது டில்லிச் சட்டத்தைப் பாருங்கள். 2023 டிசம்பரில் தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. எப்போது? இரு அவைகளிலுமாக 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்ட கூட்டத்தொடரில்! 'தொலைத்தொடர்பு' என்ற சொல்லுக்கு வானளாவிய பொருள். செயலிகளும் அதில் அடங்குமோ என்று கேட்டோருக்கு, அடங்கா என்றார் அமைச்சர். சட்டத்தில் எழுதினாரா? இல்லை. வாயால் சொன்னார். 2025 அக்டோபரில் அதே சட்டத்தின்கீழ் விதிகள் திருத்தப்பட்டன. நவம்பர் 28இல், செல்பேசியின் சிம் அட்டையோடு செயலி எப்போதும் பிணைந்திருக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. மோசடியைத் தடுக்கவே என்றார்கள். நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும்! ஆனால், அடங்கா என்ற சொல் இரண்டாண்டு தாங்கவில்லையே! அமைச்சரின் வாக்கு காற்றோடு போகும். சட்டத்தின் சொல்லே நின்று காக்கும்.

இன்னொன்றையும் எண்ணுங்கள். ஏமாந்த மூதாட்டி அழுதபடி வந்து நிற்பது நம்மூர்க் காவல் நிலையத்தில். காவல்துறை மாநிலத்தின் பொறுப்பு. தொலைபேசியோ ஒன்றியப் பட்டியலில் 31ஆம் இனம். கண்ணீர் இங்கே, கையெழுத்து அங்கே!

ஆகவே நாம் கேட்பவை மூன்று. ஒன்று: இணைய அழைப்புக்கு உரிமமும் தனிக் கட்டணமும் இல்லையென்று சட்டத்திலேயே எழுதுக. இரண்டு: ஒட்டுக்கேட்க வேண்டுமாயின், நீதிபதியின் ஆணையோடு கேட்க. 1996இல் உச்சநீதிமன்றம் தந்த நெறிமுறையிலேயே ஆணையிடுபவர் உள்துறைச் செயலாளர். அதைச் சீராய்பவரும் செயலாளர்களே. வேலிக்கு ஓணான் சாட்சியா? மூன்று: மோசடி தடுக்கும் விதிகளை வகுக்கும்போது, மாநிலங்களையும் அழைத்துக் கலந்து பேசுக.

தோழர்களே! இதனைத் தொழில்நுட்பச் சிக்கல் என்று தள்ளிவிடாதீர்கள். நாளைக் காலை தேநீர்க் கடையில், பக்கத்திலிருப்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "பாலத்தைக் கடக்கக் காசு கொடுத்தாயே, பேசவும் கொடுப்பாயா?" அவர் என்ன சொல்லுகிறாரோ, அதையே டில்லியின் செவியில் விழும்படி நாம் உரக்கச் சொல்லுவோம்!