தொழுகைக்கூடத்தில் ஓர் இடம்
(பங்கின் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி என்ற சொல்லே யூத மக்களிடமிருந்து நமக்கு வந்ததாகும். ஐம்பதாம் ஆண்டில் ஒவ்வொருவரும் தம் குடும்பத்துக்குத் திரும்பிச் செல்லவேண்டும் என்பது லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரத்தின் சட்டம். ஆனால் திரும்பிச் செல்ல ஓர் இடமே இல்லாதவர் என்ன செய்வார்? அத்தகையோர் பலருக்கு முற்போக்கு யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எவ்வாறு வீடாக அமைந்தன என்பதையே இன்று கூற விரும்புகிறேன்.

யூத மரபில், முக்கியமான பொதுச் செபங்களைச் சொல்லப் பத்துப் பேர் கூடவேண்டும். இதற்கு மின்யான் என்று பெயர். பெற்றோரை இழந்தவர் பதினொரு மாதங்கள் சொல்லும் கதீஷ் என்ற செபமும் இவற்றுள் ஒன்று. பெரும்பாலும் நம் ஆண்டவர் பேசிய அரமேய மொழியில் அமைந்த அச்செபத்தில் சாவைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. இறைவனின் புகழே உண்டு. துயரப்படுபவர் அதைச் சொல்ல, சுற்றி நிற்பவர்கள் 'ஆமென்' என்று பதிலளிக்கவேண்டும். ஆகவே அங்கு ஒருவர் வராவிட்டால், இன்னொருவருடைய கண்ணீருக்கு ஆமென் சொல்ல ஆள் குறைகிறது. ஒரு சமூகத்தில் நமக்கு இடமுண்டு என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேறென்ன?

ஆனால் வைதீக வழக்கில் அந்தப் பத்துப் பேரும் ஆண்களாகவே இருக்கவேண்டும். தாய் யூதரல்லாதவரானால் பிள்ளையும் யூதராகக் கருதப்படுவதில்லை. இந்த நிலையில்தான் சீர்திருத்தம் எழுந்தது. 1818-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் திறக்கப்பட்ட கூடத்தில் மக்கள் மொழியில் செபமும் மறையுரையும் ஒலித்தன. லண்டனில் லில்லி மாண்டகு என்ற பெண்மணி, வேலைக்குச் செல்லும் ஏழைப் பெண்களுக்காக 1893-இல் ஒரு சங்கம் நிறுவினார். எபிரேயம் அறியாத அப்பெண்களுக்கும் இறைவனிடம் பேச வழி வேண்டும் என்று எண்ணி, 1902-இல் யூத சமய ஐக்கியம் தோன்றக் காரணமானார். ஆண்களும் பெண்களும் ஒன்றாக அமர்ந்து, பெரும்பாலும் ஆங்கிலத்தில் செபித்தனர். வைதீகரான அவருடைய தந்தை இதை ஏற்கவில்லை. ஆயினும் மகள் பின்வாங்கவில்லை.

அந்த விளக்கு நம் நாட்டிலும் ஏற்றப்பட்டது. கொங்கண் கரையில் எண்ணெய் ஆட்டி வாழ்ந்து, ஓய்வுநாளில் செக்கை நிறுத்தியதால் 'சனிக்கிழமை எண்ணெய்க்காரர்' என்று அழைக்கப்பட்ட பெனே இஸ்ரயேல் மக்களில் ஒருவர் டாக்டர் ஜெருஷா ஜிராத். லண்டனில் மருத்துவம் பயின்று திரும்பிய இவர், 1925-இல் பம்பாயில் இதே ஐக்கியத்தைத் தொடங்கினார்.

இன்று இத்தகைய கூடங்களில் பெண்களும் எண்ணப்படுகிறார்கள். 1935-இல் ஜெர்மனியில் ரெகினா யோனாஸ் முதல் பெண் ராபியானார். 1944-இல் அவரை நாசிகள் அவுஷ்விட்சில் கொன்றனர். 1983-இல் அமெரிக்கச் சீர்திருத்த ராபிகள், தந்தை மட்டும் யூதராக இருந்தாலும், யூதராக வளர்க்கப்படும் பிள்ளையை ஏற்கலாம் என்று தீர்மானித்தனர். வெளியிலிருந்து வருபவர், நன்கு கற்றுத் தெளிந்தபின், ஆபிரகாம் சாராளின் பிள்ளை என்ற பெயர் பெறுகிறார். அவருடைய பழைய வாழ்வைச் சொல்லிக் காட்டுவது பாவம் என்பது பழைய ராபிகளின் போதனை. மோவாபியப் பெண்ணான ரூத்தின் வரலாற்றை அவர்கள் தங்கள் பெந்தகோஸ்தே விழாவில் வாசிப்பதும் கருதத்தக்கது.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. ஒரு கூடம் தன் பிள்ளையென்று ஏற்றவரை, அடுத்த தெருவிலுள்ள வைதீகக் கூடம் யூதரே அல்ல என்று கூறக்கூடும். வைதீகரின் அச்சமும் வெறும் பிடிவாதமன்று. எத்தனையோ துன்பங்களிலும் தங்கள் இனத்தைக் காத்த வேலியை அவிழ்த்தால் என்ன மிஞ்சும் என்ற கவலை அது. எனினும், கதவருகே நின்றவரை உள்ளே அழைத்து எண்ணிக்கையில் சேர்த்தவர்களின் துணிவை நாம் மதிக்கவேண்டும்.

அன்பர்களே, யூதர்களை நாம் பழித்த காலமும் உண்டு. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தப் பகைமையைக் கண்டித்தது. 1986-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் உரோமைத் தொழுகைக்கூடத்துக்கே சென்று, அவர்களை மூத்த சகோதரர்கள் என்று அழைத்தார். மூத்தவரிடம் இளையவர் கற்பதில் இழிவில்லை.

நம் பங்கேட்டில் பெயர் இருந்தும், கோயிலின் கடைசித் தூணருகே நின்று, யாரும் பேசாமலே வீடு திரும்புவோர் உண்டு. கலப்பு மணத்தால் ஒதுங்கியவர்கள், பிழைப்புக்காகப் புதிதாய்க் குடிவந்தவர்கள், துணையை இழந்து தனித்தவர்கள் ஆகியோர் அடுத்த ஞாயிறு வராவிட்டால் நம்மில் யாருக்குத் தெரியும்? இந்த யூபிலி ஆண்டில் ஒவ்வொரு அன்பியமும் அப்படிப்பட்ட ஒருவரையாவது தேடிச் சென்று, "நீங்கள் இல்லாமல் எங்களுக்குக் குறைகிறது" என்று சொல்லவேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இறைவனுக்கே மகிமை.