கொம்பு இடம் மாறினால்



வரைகலை மென்பொருள்களில் தமிழுக்கு உள்ள ஓர் அடிப்படைக் குறையைப் பற்றி இன்று பேச விழைகிறோம். வளைவுகளையும் வண்ணங்களையும் நுட்பமாகக் கையாளும் மென்பொருள்கள் சிலவற்றில், ‘கொடி’ என்னும் எளிய சொல் சிதைந்து தோன்றுகிறது.

காரணம் என்ன? ஒருங்குறியில் ‘க’ முதலிலும் ஒகரக் குறி அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. திரையில் அக்குறி பிரிந்து, ஒற்றைக்கொம்பு முன்னும் துணைக்கால் பின்னும் நிற்க வேண்டும். அவ்வாறு அமைத்துத் தரும் நிரல் இல்லையெனில் கொம்பு இடம் மாறிவிடும்.

இதற்கு நாம் கைக்கொள்ளும் மாற்றுவழிகள் இரண்டு. பழைய குறியாக்க எழுத்துருவில் தட்டச்சு செய்வது ஒன்று. வேறிடத்தில் எழுதியதைக் கோட்டுருவமாக்கி ஒட்டுவது மற்றொன்று. கண்ணுக்குத் தமிழ் தெரியும். ஆனால் முன்னதைப் படியெடுத்தால் இலத்தீன் எழுத்துக் குவியலே கிடைக்கும். பின்னதோ வெறும் ஓவியம். அதில் சொல்லைத் தேட இயலாது. ஒற்றுப்பிழையைத் தட்டச்சால் திருத்தவும் இயலாது. பார்வையற்ற மாணவருக்குத் திரைவாசிப்பான் அதைப் படித்துக் காட்டாது.

தீர்வு அரியதன்று. ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற நிரல், ஆண்ட்ராய்டிலும் ஃபயர்பாக்ஸிலும் தமிழெழுத்துகளை முறையாக அமைத்துத் தருகிறது. இருப்பதைச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்க வேண்டியவர்கள் நாமே.

சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று தமிழ். அம்மொழியைப் பிழையின்றிக் காட்டுவது கூடுதல் வசதியன்று, முதல் தேவை. பள்ளிக்கு மென்பொருள் வாங்குமுன் ‘கொடி’, ‘பேருந்து’, ‘கௌதாரி’ என எழுதிப் பாருங்கள். எழுத்துச் சிதைந்தால், திரைப்படத்தோடு உருவாக்கியோர்க்கு முறையிடுங்கள். மாணவர்களையும் எழுதச் செய்யுங்கள். குறையைச் சுற்றிச் செல்லப் பழகிவிட்டால், அது குறையாகவே தெரியாது போய்விடும்.