வீடு மாறும்போது கம்ப்யூட்டர் பத்திரம்

பள்ளி விடுமுறை வந்தாலே நம் குடியிருப்பில் வீடு மாறுகிறவர்கள் அதிகம். அவர்களுக்காகத்தான் இந்தச் சில வார்த்தைகள்.

நாங்கள் இங்கே குடிவந்தபோது கம்ப்யூட்டரை லாரியில் பாத்திர மூட்டைகளுக்கு நடுவில் வைத்துவிட்டோம். இறக்கி ஆன் செய்தால், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம். என் அப்பாவின் கடைசிப் பிறந்தநாள் படங்கள் அதில்தான் இருந்தன. திரும்பக் கிடைக்கவே இல்லை.

ஆகவே முதல் வேலை இதுதான்: முக்கியமான கோப்புகளை முந்தின நாளே வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுங்கள். அதை லாரியில் ஏற்றாமல் உங்கள் கைப்பையில் வையுங்கள்.

பிறகு ஷட் டவுன் செய்து, பிளக்கை எடுங்கள். கேபிள்களைக் கழற்றுமுன் பின்பக்கத்தை மொபைலில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கனமான கிராபிக்ஸ் கார்டு இருந்தால் தெரிந்தவரை வைத்துக் கழற்றித் தனியே வையுங்கள். குலுங்கும்போது அதன் எடையே மதர்போர்டில் அது பொருந்தும் ஸ்லாட்டை உடைத்துவிடலாம்.

சிபியு பெட்டியை மதர்போர்டு அடியில் வரும்படி படுக்கவைத்து, கீழே கனத்த போர்வை விரித்து, முடிந்தால் காரிலேயே கொண்டுபோங்கள். மானிட்டரை நிமிர்த்தியே வையுங்கள். திரையில் எதுவும் அழுத்தக் கூடாது.

புது வீட்டில் உடனே ஆன் செய்யாதீர்கள். உள்ளே எதுவும் தளர்ந்திருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று பார்த்தபின் பிளக்கைச் சொருகுங்கள்.

நகல் எடுக்கத் தெரியாத பெரியவர்கள் தயங்காமல் என் வீட்டுக் கதவைத் தட்டலாம்.