ஒரே கூரை, இரண்டு ஷிப்ட்

சேரப்பணஞ்சேரியில் இப்போது கம்பெனி பஸ் வரும் நேரம். நைட் ஷிப்ட் முடிந்து கணவர் இறங்குகிறார். அதே ரோட்டில் காலை ஷிப்டுக்கு மனைவி ஏறுகிறார். வாரக்கணக்கில் முகம் பார்த்துப் பேசவில்லை. இது பிரிந்து வாழ்வதா?

இல்லவே இல்லை! இந்து திருமணச் சட்டப்படி, இருவரும் சம்மதித்து விவாகரத்து கேட்க, குறைந்தது 1 வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். 1991-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு அழகாக விளக்கம் சொன்னது: ஒரே கூரையின் கீழ் இருந்தும் பிரிந்திருக்கலாம், வேறு வேறு வீட்டில் இருந்தும் தம்பதியாக வாழலாம். கணக்கில் வருவது தூரம் அல்ல, தாம்பத்தியம்.

மனு போட்டபின் 6 மாதம் காத்திருக்க வேண்டும். 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, தகுந்த வழக்குகளில் நீதிபதி அதைத் தளர்த்தலாம்.

ஒருவர் மறுத்தால்? கொடுமை, தகாத உறவு, 2 வருடம் கைவிட்டது என்று ஏதாவது ஒரு காரணத்தை நிரூபித்தாக வேண்டும். 'மனசு ஒட்டலை' என்பது மட்டும் குடும்ப நீதிமன்றத்தில் போதாது.

இன்னொன்று. முத்திரைத்தாளில் 'தீர்த்துவிட்டோம்' என்று எழுதி, நோட்டரி சீல் குத்தி வாங்குகிறார்களே, நிரூபிக்கக்கூடிய சமூக வழக்கம் இருந்தாலொழிய அது செல்லாது. அதை நம்பி அடுத்த தாலி கட்டினால், இருதார வழக்குதான்!